ஊர் கூடிப் படித்த பள்ளி



பொன்விழா மலருக்கு ஒரு வரலாற்றுக் கட்டுரை வேண்டும் என்று மலர்க் குழுவினர் கேட்டார்கள். பங்குத்தந்தை என்ற முறையில் கோவிலின் வரலாற்றையே எழுதுவேன் என்று அவர்கள் எதிர்பார்த்திருக்கலாம். அதை நம் பங்கின் மூத்தவர்கள் இம்மலரின் வேறு பக்கங்களில் எழுதியிருக்கிறார்கள். அவர்கள் கண்டு வாழ்ந்ததை, மாற்றலாகி வந்த நான் எழுதுவது முறையன்று. ஆகவே வேறொரு கட்டடத்தைப் பற்றி எழுதத் துணிந்தேன். நம்மில் பலர் வாரத்தில் ஒரு நாள் கோவிலில் கூடினோம். ஐந்து நாள் அந்தக் கட்டடத்தில் கூடினோம். ஆயினும் எந்த விழா மலரிலும் அதற்கு ஒரு பக்கம் ஒதுக்கியதில்லை.

சிற்றூர்களின் அரசு உயர்நிலைப் பள்ளியைத்தான் சொல்கிறேன். பலகையில் 'அரசினர்' என்று எழுதி ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகியும், மூத்தவர்கள் நாவில் அது இன்றும் 'போர்டு ஹைஸ்கூல்'தான். அந்தப் பெயர் எப்படி வந்தது, அந்தப் பள்ளியின் கதவு யார் யாருக்கு எப்போது திறந்தது, அதற்கு நாம் பட்ட கடன் என்ன என்பதை இக்கட்டுரையில் பார்ப்போம்.

பெயர் வந்த வழி

வெள்ளையர் வருமுன் நம் நாட்டில் பள்ளிகளே இல்லை என்று எண்ணுவோர் உண்டு. அது சரியன்று. சென்னை மாகாண ஆளுநராக இருந்த சர் தாமஸ் மன்றோ, 1822-ஆம் ஆண்டில் ஒவ்வொரு கலெக்டரும் தம் ஜில்லாவிலுள்ள பள்ளிகளைக் கணக்கெடுத்து அனுப்ப வேண்டும் என்று ஆணையிட்டார். 1826-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் அவர் எழுதிவைத்த குறிப்பின்படி, மாகாணத்தில் 12,498 பள்ளிகளும் அவற்றில் ஏறக்குறைய 1,88,000 மாணவர்களும் இருந்தனர். பெரும்பாலும் அவை திண்ணைப் பள்ளிக்கூடங்கள். மணலில் விரலால் எழுதி, ஓலையில் எழுத்தாணியால் எழுதி, எண்சுவடியை உரக்கச் சொல்லிப் படித்த பள்ளிகள்.

கணக்கெடுத்ததோடு மன்றோ நிற்கவில்லை. ஜில்லாவுக்கு இரண்டு பெரிய பள்ளிகள், தாசில்தாரி ஒவ்வொன்றுக்கும் ஒரு பள்ளி, ஆசிரியருக்கு அரசே மாதச் சம்பளம் என்று திட்டம் வகுத்தார். அடுத்த ஆண்டே, 1827-இல், காலரா கண்டு அவர் இறந்தார். தொடங்கிய தாசில்தாரிப் பள்ளிகளும் 1836-இல் மூடப்பட்டன. அதற்கு முந்திய ஆண்டு மெக்காலே பிரபுவின் குறிப்பை ஏற்று, அரசின் பணம் ஆங்கிலக் கல்விக்கே என்று கல்கத்தாவில் முடிவாகியிருந்தது. தாலுகாதோறும் ஒரு பொதுப் பள்ளி என்ற எண்ணம் அப்படியே கிடப்பில் போயிற்று.

1854-ஆம் ஆண்டில் சர் சார்லஸ் உட் அனுப்பிய கல்வி அறிக்கை அடுத்த திருப்பம். மாகாணந்தோறும் கல்வித்துறை, பல்கலைக் கழகம், தனியார் பள்ளிகளுக்கு உதவி மானியம் ஆகிய மூன்றும் அதன் விளைவு. சென்னைப் பல்கலைக் கழகம் 1857-இல் பிறந்தது. அதன் மெட்ரிகுலேஷன் தேர்வு எழுதுவதற்கென்றே நகரங்களில் ஹைஸ்கூல்கள் எழுந்தன. மானியத்தை நம்பி மிஷன் பள்ளிகள் பெருகின. நம் திருச்சபையின் பள்ளிகள் பலவும் அந்த மானியத்தில் வளர்ந்தவையே.

1882-ஆம் ஆண்டில் அமைந்த ஹண்டர் குழு, உயர்நிலைக் கல்வியை நடத்தும் பொறுப்பிலிருந்து அரசு மெல்ல விலகிக்கொள்ளலாம், தனியாரிடம் விட்டுவிடலாம் என்றது. தனியார் வராத சிற்றூர்களின் கதி என்ன? இங்கேதான் 'போர்டு' வருகிறது. 1884-ஆம் ஆண்டின் சென்னைத் தல ஸ்தாபனச் சட்டப்படி ஜில்லாவுக்கு ஒரு போர்டும் தாலுகாவுக்கு ஒரு போர்டும் ஏற்பட்டன. சாலை போடுவது, ஆஸ்பத்திரி வைப்பது, சத்திரம் பார்ப்பது, பள்ளி நடத்துவது எல்லாம் அவற்றின் வேலை. நிலவரியோடு சேர்த்து வசூலித்த சாலை வரியும், சுங்கச்சாவடிப் பணமும், சந்தைக் குத்தகையும் அவற்றின் வருமானம். மாட்டு வண்டிக்காரர் சாவடியில் கொடுத்த காசும், குடியானவர் கிஸ்தியோடு கட்டிய காசும் சேர்ந்த பொதுப்பணத்தில் அந்தப் பள்ளிகள் எழுந்தன. ஆகவே அதைப் பொதுப் பள்ளி என்பது வெறும் மரியாதைச் சொல் அன்று.

தாலுகா போர்டுகள் 1934-இல் கலைக்கப்பட்டன. ஜில்லா போர்டுகளுக்கு 1958-ஆம் ஆண்டின் பஞ்சாயத்துச் சட்டம் முடிவு கட்டியது. அவை நடத்திய உயர்நிலைப் பள்ளிகளை 1970-இல் அரசே முழுமையாக எடுத்துக்கொண்டது. பலகை மாறியது, பெயர் மாறவில்லை.

எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம்

அந்நாளில் வகுப்பு என்று சொல்வதில்லை, 'பாரம்' என்பார்கள். இன்றைய ஆறாம் வகுப்பு முதல் பாரம். நாலாம் பாரத்தில் ஹைஸ்கூல் தொடங்கும். ஆறாம் பாரத்தில், அதாவது பதினோராம் வகுப்பில், முடியும். 1911-ஆம் ஆண்டில் மெட்ரிகுலேஷனுக்குப் பதிலாகச் சென்னை மாகாணத்தில் எஸ்.எஸ்.எல்.சி. வந்தது. தேறியவருக்குத் தனித்தாள் தரமாட்டார்கள். ஒரு புத்தகமே தருவார்கள். பிறந்த தேதி, அங்க அடையாளம், மதிப்பெண் எல்லாம் அதில் இருக்கும். வீட்டில் நிலப் பத்திரம் இருக்கும் டிரங்குப் பெட்டியிலேயே அதுவும் இருக்கும். கடிதத்தின் அடியில் 'எஸ்.எஸ்.எல்.சி.' என்று பெயரோடு சேர்த்து எழுதிக்கொண்டவர்களை நம் பாட்டனார் தலைமுறையில் கண்டிருப்பீர்கள். அதை வைத்துத்தான் ஊரின் முதல் குமாஸ்தா, முதல் ஆசிரியர், முதல் தபால் ஊழியர், முதல் ரெயில்வே ஊழியர் என்று ஒவ்வொருவராகப் படியேறினார்கள்.

பாடம் எந்த மொழியில்? நீண்ட காலம் ஆங்கிலத்தில்தான். கணிதமும் சரித்திரமும்கூட ஆங்கிலத்தில் மனப்பாடம் செய்தார்கள். தமிழில் அறிவியல் சொல்ல முடியுமா என்று படித்தவர்களே ஐயுற்ற காலம் அது. 1936-இல் சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கத்தார் விபுலானந்த அடிகள் தலைமையில் கலைச்சொல் மாநாடு கூட்டினார்கள். பாடத்துக்கு வேண்டிய சொற்களை அறிஞர்கள் கூடித் தேர்ந்தார்கள். 1938-ஐ ஒட்டி உயர்நிலைப் பள்ளிகளில் தமிழ்வழிப் பாடம் பரவலாயிற்று. வீட்டில் ஆங்கிலம் கேட்டறியாத பிள்ளைக்குப் பாதிக் கதவு அன்று திறந்தது என்றால் மிகையாகாது.

கதவு திறந்த கதை

பாதிக் கதவு என்றேன். மறுபாதியின் கதை நீண்டது.

இரட்டைமலை சீனிவாசன் பின்னாளில் அண்ணல் அம்பேத்கரோடு லண்டன் வட்டமேசை மாநாட்டுக்குச் சென்றவர். தாழ்த்தப்பட்ட குலத்தில் பிறந்த அவர், கோயம்புத்தூரில் படித்த நாட்களைத் தம் வாழ்க்கைக் குறிப்பில் சொல்லியிருக்கிறார். ஏறக்குறைய நானூறு மாணவர்களில் பத்துப் பேர் நீங்கலாக மற்றவர் அனைவரும் பிராமணர்கள். தம் சாதி தெரிந்துவிடுமோ என்று அஞ்சி, அந்தச் சிறுவர் பள்ளிக்கு வெளியே எங்கேனும் ஒதுங்கிப் படித்துக்கொண்டிருப்பாராம். மணி அடித்த பிறகே வகுப்புக்குள் போவாராம். விட்டதும் யாரோடும் சேராமல் வீட்டுக்கு விரைவாராம். உயர்நிலைக் கல்வி தொடங்கியபோது அதன் முகம் இப்படித்தான் இருந்தது.

கல்வி கிடைக்காத சாதியினர் தாமே பள்ளி கட்டிக்கொண்டதும் உண்டு. விருதுநகரில் 1889-இல் தொடங்கிய க்ஷத்திரிய வித்தியாசாலை அத்தகையது. வணிகர்கள் தந்த மகமையும், வீட்டுப் பெண்கள் சோற்றுக்கு எடுத்த அரிசியில் ஒரு பிடி அள்ளி வைத்த பிடி அரிசியும் அதைத் தாங்கின. நம் பெண்கள் கோவிலுக்கென்று பிடி அரிசி எடுத்து வைப்பது நமக்குத் தெரியும். பள்ளிக்கும் அப்படி எடுத்த ஊர் அது. அந்தப் பள்ளியில் படித்த காமராசர் என்ற சிறுவர், தந்தை இறந்த பின் குடும்பம் நலிந்து, ஆறாம் வகுப்போடு படிப்பை விட்டு, மாமாவின் ஜவுளிக் கடையில் வேலைக்கு நின்றார்.

போர்டு ஹைஸ்கூலின் வாசலும் எளிதில் திறந்துவிடவில்லை. 1930-களின் நடுவில் திருவாரூர் போர்டு ஹைஸ்கூலில் இடம் கேட்டுப் போன ஒரு கிராமத்துச் சிறுவர், நுழைவுத் தேர்வில் தேறவில்லை என்று திருப்பி அனுப்பப்பட்டார். இடம் தராவிட்டால் எதிரேயுள்ள கமலாலயக் குளத்தில் விழுந்துவிடுவேன் என்று அடம்பிடித்த பின்னரே தலைமையாசிரியர் அவரைச் சேர்த்துக்கொண்டார். அந்தச் சிறுவர் மு. கருணாநிதி, 'நெஞ்சுக்கு நீதி'யில் அவரே இதை எழுதியிருக்கிறார். அரசியல் பேச இது இடமன்று. ஹைஸ்கூலில் ஒரு பெஞ்சில் உட்கார அந்நாளில் ஒரு பிள்ளை என்ன பாடுபட வேண்டியிருந்தது என்பதற்கே இதைச் சொன்னேன்.

இடம் கிடைத்தால் அடுத்தது பள்ளிச் சம்பளம். மாதந்தோறும் கட்ட வேண்டும். கட்டாதவர் பெயர் வகுப்பில் உரக்க வாசிக்கப்படும். அரைச் சம்பளச் சலுகை வாங்கியவர்கள் அதை வெளியே சொல்ல வெட்கப்பட்டார்கள். ஆடு விற்ற காசிலும், தாலிக்கொடியை அடகு வைத்த காசிலும் எத்தனையோ பிள்ளைகள் ஆறாம் பாரத்தைத் தாண்டினார்கள். தாண்டாதவர்கள் அவர்களிலும் அதிகம்.

இந்தக் கணக்கு மாறியது 1954-க்குப் பிறகு. அவ்வாண்டு ஏப்ரலில் முதலமைச்சரான காமராசர், ஆறாம் வகுப்போடு நின்ற அதே காமராசர், தொடக்கப் பள்ளியில் அரைநாள் பாடம் என்ற முந்திய ஆண்டின் திட்டத்தைக் கைவிட்டார். பள்ளியில்லா ஊர்களில் பள்ளிகள் திறக்கப்பட்டன. 1955-இல் ஆசிரியர்களுக்குச் சேமநல நிதி, காப்பீடு, ஓய்வூதியம் மூன்றும் சேர்ந்த திட்டம் வந்தது. இந்தியாவிலேயே இது முதன்முதலாக இங்கேதான் வந்தது. 1956-இல் பாரதியார் பிறந்த எட்டயபுரத்தில் மதிய உணவுத் திட்டம் தொடங்கியது. பொதுக் கல்வி இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு ஊர் ஊராகச் சென்று பொதுமக்களிடம் கையேந்தினார். 1958-இல் கடம்பத்தூரில் தொடங்கிப் 'பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள்' நடந்தன. நிலம், பெஞ்சு, மணி, குடிநீர்ப் பானை, சீருடை எது இல்லையோ அதை ஊராரே கொடுத்தார்கள். பல போர்டு ஹைஸ்கூல்களின் வகுப்பறைச் சுவரில் இன்னாரின் நினைவாகக் கட்டிக் கொடுத்தது என்று பதித்த கல்வெட்டுகள் அந்த நாட்களின் நினைவுச் சின்னங்கள். 1960-களில் பள்ளிச் சம்பளம் படிப்படியாக நீங்கி, உயர்நிலைப் பள்ளி முடிய இலவசக் கல்வி என்றாயிற்று.

எங்கள் பெஞ்சு

இனி என் சொந்தக் கதையிலிருந்து சிறிது சொல்ல அனுமதியுங்கள்.

நான் போர்டு ஹைஸ்கூலில் படித்தவன். இவ்வூரிலன்று, வேறொரு சிற்றூரில். 1981-ஆம் ஆண்டு சூன் மாதம் ஆறாம் வகுப்பில் சேர்ந்தேன். நீண்ட ஓட்டுக் கட்டடம், முன்னால் தாழ்வாரம், நடுவில் வேப்பமரம், அதில் தொங்கிய தண்டவாளத் துண்டுதான் மணி. சுற்றுவட்டத்தில் பதினான்கு ஊர்ப் பிள்ளைகள் நடந்தே வந்து படித்தார்கள். தூக்குவாளியில் பழையது. 1982 சூலையில் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவு முதலில் சிறு குழந்தைகளுக்கே கிடைத்தது. 1984-இல் பதினைந்து வயது வரை என்று விரிந்தபோது நான் ஒன்பதாம் வகுப்பில் இருந்தேன். அன்று முதல் வேப்பமரத்தடியில் எல்லாருடைய தட்டும் ஒரே வரிசையில் இருந்தது.

என் தந்தையும் அதே பள்ளியில் படித்தவர். அவர் காலத்தில் தண்ணீர்ப் பானை இரண்டு இருந்ததாகச் சொல்வார். இன்னாருக்கு இந்தப் பானை என்று யாரும் எழுதி வைக்கவில்லை, எல்லாருக்கும் தெரியும். என் காலத்தில் பானை ஒன்றுதான். அந்த இடைவெளியில் யாரோ ஒரு தலைமையாசிரியர் ஒரு பானையை உடைத்திருக்க வேண்டும். அவர் பெயரை யாரும் கல்வெட்டில் பொறிக்கவில்லை.

ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை என் பக்கத்தில் ஒரே நண்பன் உட்கார்ந்தான். அவனும் கத்தோலிக்கன், ஊருக்கு வெளியேயுள்ள தெருவிலிருந்து வருவான். கணக்கில் அவன் கெட்டி, தமிழில் நான். அவன் நோட்டைப் பார்த்து நான் தேறினேன். திங்கள் முதல் வெள்ளி வரை எங்கள் இருவருக்கும் ஒரே பெஞ்சு, ஒரே மைப்புட்டி. ஞாயிற்றுக்கிழமை கோவில் வாசல் வரை ஒன்றாக வருவோம். வாசலில் பிரிவோம். அவன் வீட்டார் ஒரு பக்கம், என் வீட்டார் ஒரு பக்கம். நடுவில் நடைபாதை. கல்லறைத் தோட்டத்திலும் அப்படியே.

அது தவறு என்று அந்த வயதில் எனக்குத் தோன்றவில்லை. பெரியவர்கள் செய்வதுதானே என்றிருந்தேன். ஒரு நாள் அவன்தான் கேட்டான்: "ஏன்டா, பள்ளிக்கூடத்துல சர்க்கார் நம்மள ஒண்ணா உட்கார வெச்சிருக்கு. கோவில்ல சாமி ஏன் பிரிச்சு வெச்சிருக்காரு?" எனக்குப் பதில் தெரியவில்லை. பின்னர் குருமடத்தில் எட்டாண்டுகள் மெய்யியலும் இறையியலும் கற்றேன். அந்தக் கேள்விக்கு மட்டும் எந்தப் பாடநூலிலும் பதில் இருக்கவில்லை. அது சாமி பிரித்ததன்று, நாம் பிரித்தது என்பதைத் தவிர வேறு பதில் இல்லை.

இதை நம் திருச்சபை வரலாறு அறியாததன்று. நெல்லைச் சீமையின் வடக்கன்குளம் கோவிலில் சாதிக்கொரு பக்கமாகப் பிரித்து நின்ற சுவரைக் கொசானேல் சுவாமியார் 1910-ஐ ஒட்டி இடித்தார். வழக்கு சென்னை உயர்நீதிமன்றம் வரை போயிற்று. சுவர் மீண்டும் எழவில்லை. ஆயினும் கல்லில் இல்லாத சுவர்கள் பல ஊர்களில் பல காலம் நின்றன. என் சிறு வயதில் அத்தகைய ஒரு சுவருக்கு இப்பால் நான் இருந்தேன். அதைக் கடந்து ஒரு கை நீண்டு என் கணக்கு நோட்டைத் திருத்தியது போர்டு ஹைஸ்கூலில்தான். அந்தப் பெஞ்சு எனக்குக் கற்றுத் தந்ததை நான் பீடத்திலிருந்து பிரசங்கமாகச் சொல்கிறேன், அவ்வளவே.

ஆசிரியப் பெருமக்கள்

போர்டு ஹைஸ்கூலின் குணம் என்ன என்று கேட்டால் அதன் ஆசிரியர்களைத்தான் காட்ட வேண்டும். மாற்றலாகி மாற்றலாகி வருவார்கள். எந்தச் சாதியினரோ, எந்த மதத்தினரோ, எந்த ஜில்லாக்காரரோ தெரியாது. எங்கள் தமிழய்யா திருநீறு துலங்க வருவார். தேம்பாவணிப் பகுதியை அவர் நடத்தும்போது வீரமாமுனிவரைத் தம் சொந்தப் பாட்டனாரைப் போலச் சொல்வார். சீறாப்புராணம் வந்தால் உமறுப் புலவர் அவர் சித்தப்பா ஆகிவிடுவார். கணக்காசிரியர் இஸ்லாமியர். வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் போய்வந்து, விட்ட பாடத்தை மாலை ஐந்து மணி வரை இருந்து நடத்துவார், காசு வாங்கமாட்டார். டிரில் மாஸ்டரின் விசில் சத்தம் இரண்டு தெரு தாண்டிக் கேட்கும். இன்ஸ்பெக்ஷன் என்றால் முந்தின நாள் பள்ளி முழுவதும் சாணி தெளித்து, தோரணம் கட்டி, கரும்பலகைக்குக் கரியும் ஊமத்தை இலையும் அரைத்துப் பூசுவோம்.

பிரம்படியும் உண்டு, மறைக்க வேண்டியதில்லை. சில அடிகள் அநியாயமானவை. அதையும் மறக்கவில்லை.

பத்தாம் வகுப்பு முடிந்து குருமடத்துக்குப் போகிறேன் என்று தமிழய்யாவிடம் சொல்லிக்கொள்ளப் போனேன். சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "சாமியாராப் போறியா? நல்லது. பேசுறது கடைசிப் பெஞ்சுக்காரனுக்கும் புரியணும். புரியலேன்னா அவன் மேல தப்பில்ல, உன் மேலதான்" என்றார். குருமடத்தில் மறையுரைக் கலை என்று ஒரு பாடம் உண்டு. அதில் நான் கற்றவை எல்லாம் சேர்ந்தும் இந்த ஒரு வாக்கியத்துக்கு மேல் போகவில்லை.

பெண் பிள்ளைகள்

ஆறாம் வகுப்பில் எங்களோடு சேர்ந்த பெண் பிள்ளைகளில் பாதிப்பேர் பத்தாம் வகுப்பில் இல்லை. பெரியவளானதும் நிறுத்திவிடுவார்கள். அது என் வகுப்பின் கதை மட்டுமன்று, தமிழ்நாட்டின் கதை. அதை மாற்ற அரசு ஒவ்வொன்றாகச் செய்தது. 1989-இல் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரால், எட்டாம் வகுப்பு வரை படித்த ஏழைப் பெண்ணின் திருமணத்துக்கு 5,000 ரூபாய் உதவி வந்தது. திருமணத்தைச் சொல்லியாவது படிக்க வைக்கலாம் என்ற யோசனை அது. 2001-இல் தாழ்த்தப்பட்ட, பழங்குடி மாணவியருக்கு என்று தொடங்கிய இலவச மிதிவண்டி, சில ஆண்டுகளில் மேனிலை வகுப்பு மாணவர் அனைவருக்கும் ஆயிற்று. நடந்து போக அஞ்சிய தூரத்தைப் பெண் பிள்ளைகள் கூட்டமாக மிதித்துக் கடந்தார்கள். 2022-இல் அதே அம்மையார் பெயரில், அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்து மேற்படிப்புக்குச் செல்லும் பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய் என்றாயிற்று. திருமணத்துக்கு என்றிருந்த பணம் படிப்புக்கு என்று மாறியதே ஒரு சரித்திரம்.

செங்கோட்டை அரசுப் பெண்கள் பள்ளியில் படித்த நிகர் ஷாஜி, 2023 செப்டம்பரில் சூரியனை ஆராயச் சென்ற ஆதித்யா விண்கலத்தின் திட்ட இயக்குநர். நிலவுக்கு 2008-இல் நம் நாடு அனுப்பிய முதல் விண்கலமான சந்திரயானின் திட்ட இயக்குநர் மயில்சாமி அண்ணாதுரை, பொள்ளாச்சிப் பக்கத்துக் கோதவாடிக்காரர். அவரும் அரசுப் பள்ளி மாணவரே. ஓட்டுக் கூரைக்குக் கீழே இருந்தவர்கள் எதுவரை பார்த்தார்கள் என்பதற்கு இவர்கள் சாட்சி.

பெஞ்சு காலியாகிறது

மகிழ்ச்சியோடு முடிக்க வேண்டிய இடத்தில் ஒரு வருத்தத்தையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

1978-இல் பத்தும் இரண்டும் என்ற புதிய முறை வந்து, புகுமுக வகுப்பு கல்லூரியிலிருந்து நீங்கி, பள்ளியிலேயே மேனிலை வகுப்பு ஏற்பட்டது. பல போர்டு ஹைஸ்கூல்கள் மேனிலைப் பள்ளிகளாயின. கல்லூரியின் வாசல் சிற்றூருக்கே வந்தது போலாயிற்று. அதே காலத்தில்தான், பெருநகரங்களில் சிலவாக இருந்த மெட்ரிகுலேஷன் பள்ளிகள் பல்கலைக் கழகங்களின் பொறுப்பிலிருந்து மாநிலக் கல்வித்துறையின் கீழ் வந்து, பின்னர் ஆயிரக் கணக்கில் பெருகின. வசதியுள்ளவர்கள் முதலில் போனார்கள். வசதி இருப்பதாகக் காட்டிக்கொள்ள விரும்பியவர்கள் அடுத்துப் போனார்கள். இறுதியில் கடன் வாங்கியும் போனார்கள். பாடத்திட்டத்திலாவது ஒற்றுமை வரட்டும் என்று 2010-இல் சமச்சீர்க் கல்வி வந்தது. உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பின் 2011-இல் எல்லா வகுப்புக்கும் ஆயிற்று. பாடநூல் ஒன்றாயிற்று. பெஞ்சு ஒன்றாகவில்லை.

ஆங்கிலம் வேண்டும் என்ற பெற்றோரை நான் குறை சொல்லமாட்டேன். அரசுப் பள்ளியில் ஆசிரியர் பணியிடம் காலியாக இருப்பதும், கழிப்பறை அசுத்தமாக இருப்பதும் உண்மையென்றால் உண்மைதான். ஆனால் ஒன்று எண்ணிப் பாருங்கள். ஊரில் சொல்லுக்கு மதிப்புள்ளவர்களின் பிள்ளைகள் படித்த வரையில் அந்தக் கழிப்பறையைப் பற்றிக் கேட்க ஆள் இருந்தது. அவர்கள் போன பிறகு, கேட்கத் தெரியாத ஏழைகளின் பிள்ளைகள் மட்டும் மிஞ்சினார்கள். யாரும் கேட்காத பள்ளி எப்படிச் சீராகும்?

இதில் எனக்கும் பங்குண்டு. முன்பு நான் பணியாற்றிய ஒரு பங்கில், மாதாவின் பெயர் கொண்ட ஓர் ஏழை விதவைத் தாய் தன் மகனை எங்கே சேர்ப்பது என்று கேட்டு வந்தார். கட்டணம் வாங்கும் ஆங்கிலப் பள்ளி ஒன்றுக்குச் சிபாரிசுக் கடிதம் எழுதிக் கொடுத்தேன். நல்லது செய்ததாகவே நினைத்தேன். இரண்டாம் ஆண்டு அவர் மீண்டும் வந்தார். காதில் தோடு இல்லை. கட்டணத்துக்கு விற்றுவிட்டதாகச் சொன்னார். என்னிடம் வருத்தமாகக்கூடச் சொல்லவில்லை. அரசுப் பள்ளி அவர் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்தது. அந்தப் பள்ளியால் குருவானவனான எனக்கு, அதன் பெயர் அன்று நாவில் வரவில்லை. இதை உங்கள் முன் ஒப்புக்கொள்வதற்காகவே இக்கட்டுரையை எழுதத் தொடங்கினேன் என்றுகூடச் சொல்லலாம்.

நாம் செய்யக்கூடியவை

பொன்விழாவுக்குக் கோவிலுக்கு வண்ணம் பூசினோம், மின்விளக்கு அலங்காரம் செய்தோம், நல்லதே. கடனையும் கொஞ்சம் திருப்பிக் கொடுப்போம். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளிகளில் பள்ளி மேலாண்மைக் குழு உண்டு. பெற்றோரே அதில் பெரும்பான்மை. நம் பங்கில் அரசுப் பள்ளிக்குப் பிள்ளை அனுப்பும் பெற்றோர் அதன் கூட்டத்துக்குத் தவறாமல் போங்கள், கேள்வி கேளுங்கள். அங்கே படித்து இன்று நல்ல நிலையிலுள்ளவர்கள் ஆண்டுக்கொரு முறையாவது அந்த வாசலை மிதியுங்கள். ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் நம்மிடையே உண்டு. பங்கு மண்டபம் மாலையில் பூட்டித்தான் கிடக்கிறது. எந்த மதத்துப் பிள்ளையானாலும் வந்து படிக்கட்டும், விளக்கு எரியட்டும். அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவக் கல்லூரியில் 7.5 விழுக்காடு இடம் 2020 முதல் தனியே உண்டு என்பதையும், மாணவியருக்கான உதவித் தொகையையும் தெரியாதவர்களுக்கு எடுத்துச் சொல்லுங்கள். பிள்ளையை எங்கே சேர்ப்பது என்று யாரேனும் கேட்டு வந்தால், முதலில் பக்கத்துப் பள்ளியைப் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள் என்று சொல்வதாக நானும் உறுதி கூறுகிறேன். நானும் உடன் வருகிறேன்.

என் பெஞ்சு நண்பன் மின்சார வாரியத்தில் வேலை பார்த்தான். என் குருப்பட்டத் திருப்பலியில், சொந்த ஊர்க் கோவிலில், முதல் வரிசையில் என் தாயின் பக்கத்தில் அவனை உட்கார வைத்தேன். அன்று சிலர் முணுமுணுத்தார்கள். என் தாய் மட்டும் சற்று நகர்ந்து இடம் விட்டாள். "அஞ்சு வருசம் ஒரே பெஞ்சுல உட்கார்ந்த பிள்ளைங்க" என்று பக்கத்திலிருந்தவர்களிடம் சொன்னாளாம்.

அந்தப் பெஞ்சை நமக்குக் கொடுத்த பள்ளிக்கு இந்தப் பொன்விழா ஆண்டில் நம் நன்றி உரித்தாகுக.

அன்புடன்,
உங்கள் பங்குத்தந்தை